நாரி நோகாமல் தோட்டம் செய்வோம்

வலிகாமம் வடக்கில் 1990 யூன் மாதம் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, கோணப்புலம், மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கால் நூற்றாண்டு வரை வாழ்ந்தன. 2009க்குப் பின்னர், சிறப்பாக 2015 தொடக்கம், காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இன்னும் தம் காணிக்காகக் காத்திருப்போரும் நம்மிடையே உண்டு.

திரும்பிப் போனவர்கள் கண்டது பழைய தோட்டத்தை அல்ல. பற்றைக் காடும் தூர்ந்த கிணறும் இடிந்த சுவருமே அங்கு இருந்தன. காணியைப் போலவே நம் உடம்பும் மாறியிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1990இல் 25 வயது இளைஞராக வெளியேறியவர் 2015இல் 50 வயதுக்காரராகத் திரும்பினார். ஆனால் மண்வெட்டியைக் கையில் எடுத்ததும் அந்த 25 வயது வேகமே நினைவுக்கு வருகிறது. மூன்றாம் நாள் நாரி பிடித்துக்கொள்கிறது. நடுகைக் காலத்தில் இப்படிப் படுத்துவிட்டால் ஒரு போகமே கைவிட்டுப் போகும். விதைக்கு வாங்கிய கடன் மட்டும் நிற்கும். ஆகவே நாரியைக் காப்பதும் தோட்ட வேலையின் ஒரு பகுதியே.

நாரியும் துலாவும்

பட்டையால் நீர் இறைத்த துலாவை நம் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆடுகாலின் மேல் துலா கிடக்கும். நீண்ட பக்கத்தின் நுனியில் பட்டை தொங்கும். குட்டையான பக்கத்தில் பாரம் கட்டுவார்கள். பட்டையில் உள்ள நீர் சிறிதானாலும், அதைத் தூக்கக் குட்டைப் பக்கத்தில் பெரும் பாரம் வேண்டும்.

நாம் குனிந்து பாரம் தூக்கும்போது நம் முள்ளந்தண்டே ஆடுகால் ஆகிறது. கையிலுள்ள வாளி நீண்ட பக்கத்து நுனி. முதுகுத் தசைகள் குட்டைப் பக்கம். அவை முள்ளந்தண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தூரத்திலேயே இருக்கின்றன.

10 லீற்றர் தண்ணீரின் நிறை 10 கிலோ. அந்த வாளியை முள்ளந்தண்டிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளி நீட்டிப் பிடித்தால் தசைகள் 100 கிலோ அளவுக்கு இழுக்கவேண்டும். உடம்போடு அணைத்து 20 சென்ரிமீற்றரில் பிடித்தால் 40 கிலோ அளவு போதும். வாளி ஒன்றே, தூரந்தான் வேறு. கையில் ஒன்றும் இல்லாமல் குனிந்தாலும், தலை, கை, நெஞ்சு ஆகியவற்றின் பாரம் துலா நுனியில் தொங்கவே செய்கிறது.

சுவீடன் நாட்டு மருத்துவர் நாகெம்சன் 1960களிலும் 70களிலும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டின் அமுக்கத்தை ஊசி செலுத்தி அளந்தார். நேரே நிற்கும்போது அமுக்கம் 100 என்று வைத்துக்கொண்டால், முன்னே குனியும்போது 150 ஆகவும், பாரத்தோடு குனியும்போது 220 ஆகவும் இருந்தது.

வேலைதோறும் கவனிக்கவேண்டியவை

மண்வெட்டி: பிடி கட்டையானால் குனிவு கூடும். அவரவர் உயரத்துக்கு ஏற்ற பிடி போடுவோம். ஒரு காலை முன்வைத்து, முழங்காலைச் சற்று மடித்துக் கொத்துவோம். மண்ணை ஒதுக்கும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தைத் திருப்புவோம். காய்ந்த செம்மண்ணோடு மல்லுக்கட்டாமல், முதல்நாள் இறைத்து, மறுநாள் பதம் பார்த்துக் கொத்தினால் பாதி உழைப்பு மிச்சம்.

கல்லும் கட்டையும்: கையால் தூக்காமல் அலவாங்கால் நெம்பி உருட்டுவோம். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியான காணியில் மட்டுமே இவ்வேலையைத் தொடங்கவேண்டும்.

தண்ணீர்: ஒரு கையில் நிறைந்த வாளியைவிட, இரு கைகளிலும் அரை வாளி நல்லது. கிணற்றில் கப்பி பூட்டினால் குனிந்து இழுக்கத் தேவையில்லை.

உரமூடை: அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவகம் 1991இல் வகுத்த கணக்கின்படி, எல்லா வசதியும் பொருந்திய நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க பாரம் 23 கிலோ. நம் உரமூடையோ 50 கிலோ. இருவர் பிடிக்கவேண்டும், அல்லது பிரித்து எடுக்கவேண்டும். தள்ளுவண்டியோ சைக்கிளோ இருக்கும்போது முதுகு எதற்கு?

மருந்தடிக்கும் தாங்கி: நிலத்தில் வைத்துக் குனிந்து தூக்காமல், இடுப்புயரக் கட்டில் வைத்து மாட்டிக்கொள்வோம். இயலாதவர்கள் அரைவாசி நிரப்பட்டும்.

வெங்காய நடுகையும் களையெடுப்பும்: இவற்றைக் கூடுதலாகச் செய்பவர்கள் பெண்கள். பாரம் தூக்காவிட்டாலும் மணிக்கணக்காகக் குனிந்திருப்பதே நாரியை வருத்தும். குந்தியே இருந்தால் முழங்கால் நோகும். எந்த இருப்பும் நெடுநேரம் நல்லதல்ல. சிறிது நேரம் குந்தி, சிறிது நேரம் ஒரு முழங்காலை ஊன்றி, மாறி மாறிச் செய்வோம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைவைத்து, ஐந்து முறை மெல்லப் பின்னே சாய்வோம். இது சோம்பல் அல்ல. தோட்டத்தால் வந்த பெண்ணுக்குத் தண்ணீர் அள்ளுவதும் அடுப்படியும் காத்திருக்கின்றன. அவ்வேலைகளை வீட்டிலுள்ள ஆண்கள் பகிர்ந்தால் அதுவும் மருந்துதான்.

முதல் கிழமைகள்

பல ஆண்டுகள் கடும் தோட்ட வேலை செய்யாத உடம்புக்கு முதல் சில கிழமைகளே ஆபத்தானவை. முதற் கிழமை காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் செய்வோம். அடுத்த கிழமை ஒரு மணி நேரம் கூட்டுவோம். உளைவு மறுநாளும் மாறாவிட்டால் கூட்டாமல் அதே அளவில் நிற்போம். நாலு குடும்பங்கள் சேர்ந்து, முறை வைத்து ஒவ்வொருவர் காணியாகத் துப்புரவு செய்தால் ஒருவர் முதுகில் எல்லாம் விழாது.

நாரி பிடித்துவிட்டால்

பெரும்பாலான நாரி நோ சில கிழமைகளில் தானே குறையும். நோ கடுமையானால் ஓரிரு நாள் பாரவேலையை விடலாம். ஆனால் நாட்கணக்கில் படுத்திருக்கக்கூடாது. மெல்ல நடந்து திரிவதே சுகத்தை விரைவாக்கும். சூட்டு ஒத்தணம் ஆறுதல் தரும். கடையில் நோக்குளிசை வாங்கித் தொடர்ந்து விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும்.

பின்வருவன இருந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்: காலில் பலம் குறைதல், கவட்டுப் பகுதியில் விறைப்பு, சலம் அல்லது மலம் அடக்க இயலாமை, சலம் போகாமை, காய்ச்சலோடு முதுகு நோ, விழுந்தபின் வந்த கடும் நோ. இவற்றுக்கு உருவுவதும் நெட்டி முறிப்பதும் கூடாது. பெரிய வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவில் நாரிக்கு ஏற்ற பயிற்சிகளைக் கேட்டுப் பழகலாம்.

நம் காணி 25 வருடம் பற்றையாய்க் கிடந்தது. அதைத் துப்புரவாக்க இன்னும் இரண்டு கிழமை கூடச் சென்றால் குற்றமில்லை.

குழுவாகக் கலந்துரையாட

1. நம் வீட்டில் நாரி நோவால் வேலை நின்ற நாட்கள் எத்தனை? எந்த வேலையால் வந்தது?
2. நம் மண்வெட்டிகளின் பிடிகள் பிடிப்பவரின் உயரத்துக்குப் பொருந்துகின்றனவா? கொண்டுவந்து பார்ப்போம்.
3. தள்ளுவண்டி ஒன்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்க இயலுமா?