சூரைக்கு எந்தக் கோல்?

“உங்கள் மூணாற்றுக் கோலால் கடலிற் சூரை பிடிக்கலாமா?” என்று தூத்துக்குடி நண்பர் ஒருவர் சென்ற விடுமுறையில் என்னை வினவினார். “தாராளமாக” என்றேன். அவ்விடை தவறு. அதற்கு விலையாகப் போனது என் தந்தையாரின் கோல்.

ஆனைமுடி அடிவாரத்து ஓடைகளில் வாழும் வானவில் டிரவுட், தோட்டத்துரைமார் காலத்திற் கொணர்ந்து விடப்பெற்ற மீன். பொய்ப்பூச்சி கட்டி அதனைப் பிடிக்க 5ஆம் எண் கோல் பொருந்தும். இவ்வெண் கோலின் எடையன்று. பொய்ப்பூச்சிக்குக் கனமில்லை, கயிற்றின் கனமே அதனைத் தூக்கிச் செல்ல வேண்டும். ஆதலின், கயிற்றின் முதல் 30 அடி எவ்வளவு நிறுக்கிறதோ அதற்கேற்பக் கோலுக்கு எண் இடுகின்றனர். 5ஆம் எண்ணுக்கு ஏறத்தாழ 9 கிராம். 12ஆம் எண்ணுக்கு 24½ கிராம்.

வரிச்சூரை மூன்று, நான்கு கிலோதானே, தாங்கும் என்று கணக்கிட்டேன். மீனின் எடையைப் பார்த்தேனேயன்றி அது இழுக்கும் திசையைப் பார்த்தேனில்லை. டிரவுட் ஓடை நெடுகப் பக்கவாட்டில் ஓடும்; கோல் முழுவதும் வளைந்து கொடுக்கும். சூரையோ படகின் கீழே வட்டமிட்டு நேராக ஆழத்திற்கு இறங்கும். ஓயாது நீந்தினாலன்றி அதற்கு மூச்சில்லை, அதன் தசை கடல்நீரினும் வெப்பமானது, எளிதிற் களைப்பதில்லை. நண்பர் கோலைச் செங்குத்தாக நிமிர்த்தியிருக்கிறார். வளைவெல்லாம் மெல்லிய நுனிக்கே சென்றது, இரண்டிடத்தில் முறிந்தது.

ஆழ்கடற் கோலை அதற்குரிய நரம்பின் வலிமையால் மதிப்பிடுவர்: 30, 50, 80, 130 இராத்தல் என. உருளையின் தடுப்பை அவ்வலிமையில் கால் முதல் மூன்றிலொரு பங்குவரை வைப்பது வழக்கம். 80 இராத்தல் (36 கிலோ) நரம்பானால் தடுப்பு ஏறத்தாழ 10 கிலோ. இனி நம் நெம்புகோற் பாடத்தை நினைவு கூர்க. கோலின் அடி இடுப்பில். மேற்கை அங்கிருந்து 60 செ.மீ. தொலைவில், நுனி 180 செ.மீ. தொலைவில். கை தாங்குவது 30 கிலோ! நுனி 270 செ.மீ. சென்றால் 45 கிலோ. ஓடையில் உதவும் நீளம் கடலில் மீனுக்கே துணையாகிறது. ஆதலாற்றான் சூரைக்கோல் ஐந்தரை, ஆறடியோடு நிற்கிறது.

அதற்காக, கனத்த கோலே மேல் என்பதுமில்லை. முழுத் தடுப்பில் அதனை வளைக்க இயலாதவர், மீனுக்கு முன் தாமே சோர்வார். வரிச்சூரைக்கு 30 இராத்தற் கோல் போதும். பெரிய மஞ்சள் துடுப்புச் சூரை வருமிடத்தில் 50 அல்லது 80.

மினிக்காய்த் தீவினர் வழி தனி. உருளையே இல்லை, மூங்கிற்கோல், குறுங்கயிறு, எதிர்முள்ளில்லாத தூண்டில். உயிர் இரையை இறைத்து, கடித்த மீனை ஒரே வீச்சில் படகினுள் எறிவர். மீன் இறங்க நேரமில்லை. எனவே என் கணக்கும் அங்கே செல்லாது. (நம் வீட்டுச் சம்பலில் இடிபடும் மாசி அம்மீனே.)

நண்பர் கோலின் அடித்துண்டைத் திருப்பித் தந்தார். தந்தையார் அதனைத் துடைத்துப் பரண்மேல் வைத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.