பச்சை வாந்தியும் பச்சிளங் குடலும்

சிசு ஜனித்த முதல் சில நாட்களில் அதன் வயிறு காட்டும் குறிகளைப் பித்தம் என்றும் மாந்தம் என்றும் சொல்லி, வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவிவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் அன்பின் காரணமாகவே நிகழ்வதெனினும், பிறவியிலேயே குடல் கோளாறுற்ற குழந்தைக்கு அந்தக் காத்திருப்பே பிராணாபத்தாக முடியக்கூடுமாதலால், நம்மிடையே வேரூன்றிய சில எண்ணங்களைப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை: பச்சையாக வாந்தி எடுப்பது வெறும் பித்தம், தானே அடங்கும்.

உண்மை: குழந்தை பாலை வெண்மையாகக் கக்குவது சாதாரணம், பச்சை நிறமோ, பித்தநீர் குடலில் வந்து சேரும் இடத்திற்குக் கீழே பாதை அடைபட்டிருக்கலாம் என்பதற்கு அடையாளம். கருவில் முறையாகச் சுழன்று நிலைகொள்ளாத குடல் பின்னர் முறுக்கிக்கொண்டு, இரத்த ஓட்டம் தடைப்படுமாயின், சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். இரத்தக் குழாய்கள் சுழிபோலச் சுற்றியிருப்பதை அல்ட்ராசவுண்டும், குடலின் நிலைபிறழ்வை, எக்ஸ்ரேயில் துலங்கும் திரவத்தை உள்ளே செலுத்தி எடுக்கும் படமும் காட்டிவிடுகின்றன. உரிய காலத்தில் கண்டுவிட்டால், பாஸ்டன் நகரத்து நிபுணர் வில்லியம் லாட் 1936-ல் விவரித்த ரண சிகிச்சை இன்றும் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது.

நம்பிக்கை: கர்ப்பகால ஸ்கேன் சரியாக இருந்ததால் குடலிலும் குறையிராது.

உண்மை: முன்சிறுகுடல் அடைப்பு இரட்டைக் குமிழியாக அந்த ஸ்கேனிலேயே தென்படுவதுண்டு, ஆனால் குடல் சுழற்சிக் குறையும், குடல் நரம்பணுக்கள் இல்லாத நோயும் பெரும்பாலும் அதில் புலப்படுவதில்லை.

நம்பிக்கை: முதல் மலம் தாமதமானால் பாதகமில்லை, படத்தில் ஒன்றுமில்லையென்றால் நோயுமில்லை.

உண்மை: நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகள் ஏறக்குறைய அனைவரும் 48 மணி நேரத்திற்குள் கருமலம் கழித்துவிடுவர். அவ்வாறு கழிக்காத குழந்தையிடம், கோபன்ஹேகன் வைத்தியர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886-ல் விவரித்ததும், சுமார் 5,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுவதுமான, குடல் நரம்பணுக்கள் இல்லாத நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஆசனவாய் வழியே திரவம் செலுத்தி எடுக்கும் படத்தில், குறுகிய குடல் விரிந்த குடலைச் சந்திக்கும் இடம் தெரியக்கூடும். ஆயினும் முதல் நாட்களில் அது தெளிவாகத் தெரியாமலும் போகலாமாதலால், மலக்குடலின் சிறு திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனையே இறுதித் தீர்ப்பளிக்கும்.

எனவே பெற்றோரே, முதல் மலம் போன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை வாந்தி படிந்த துணியைத் துவைத்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நள்ளிரவேயானாலும் விடியட்டும் என்றிராமல், குழந்தைகளுக்கு ரண சிகிச்சை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே புறப்படுங்கள்.