பாலை நிலத்திற் சிறுவரோடு ஒரு பகல்



ஐந்திணைப் பாடம் நடத்தும்போது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நான்கையும் பிள்ளைகள் எளிதில் ஏற்றுக்கொள்கின்றனர். பாலைக்கு வந்ததும், "அந்த நிலம் எங்கே இருக்கிறது?" என்னும் வினா எழுகின்றது. நியாயமான வினாவே. தொல்காப்பியம் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை ஆகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆனால் கலிபோர்ணியாவில் வளரும் எமது பிள்ளைகளுக்கோ, ஆண்டு முழுவதும் பாலையாகவே கிடக்கும் நிலம் மோட்டார் வண்டியில் மூன்று மணி நேரத் தொலைவில் உள்ளது. ஆகவே இப்பாடத்தைக் கரும்பலகையோடு முடித்துவிடாது, யோசுவா மரத் தேசியப் பூங்காவில் நடந்து முடிக்கலாம் எனக் கருதி, தை மாத விடுமுறை நாளொன்றில் சில குடும்பங்களாகச் சென்று வந்தோம். இனிச் செல்லவிருப்போருக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தில் இதனை எழுதுகின்றோம்.

லொஸ் ஏஞ்சல்சிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 140 மைல் தொலைவில், 8 இலட்சம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பரப்பில் அமைந்தது இப்பூங்கா. 1936இல் தேசிய நினைவிடமாகவும் 1994இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. இரண்டு பாலைவனங்கள் இங்கே சந்திக்கின்றன. மேற்கில் 3000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மொஹாவே. கிழக்கே தாழ்நிலத்தில் கொலராடோ. இதனை ஆளற்ற வெற்று நிலம் எனப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். செர்ரானோ, கவீயா, செமெகுவேவி, மொஹாவே ஆகிய மக்கள் நெடுங்காலம் வாழ்ந்த நிலம் இது.

பாலைக்குரிய பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல் என்று நாம் மனனம் செய்கின்றோம். அதை அப்படியே திருப்பிப் போட்டால் நடைப்பயணத்திற்கான கால அட்டவணை கிடைத்துவிடும். கோடையில் இங்கே வெப்பம் 100 பாகை பரனைட்டைத் தாண்டும். அப்போது சிறுவரை அழைத்துச் செல்லலாகாது. ஐப்பசி முதல் பங்குனி வரை நல்ல காலம். அக்காலத்திலும் காலையில் நடந்து, நண்பகலிற் பாறை நிழலில் இருந்து உண்பதே முறை. பொழுது சாய்ந்ததும் குளிர் விரைந்து இறங்கும். மார்கழி, தை இரவுகளில் நீர் உறைவதும் உண்டு. தந்தையார் முதுகிற் சுமக்கும் கைக்குழந்தை தான் நடப்பதில்லை. ஆதலால் அதன் உடல் சூடேறுவதில்லை. தந்தைக்கு வியர்க்கிறதே என்று குழந்தையின் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடலாகாது.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பூங்காவின் விளிம்புகளிலுள்ள சில இடங்களைத் தவிர உள்ளே குடிநீர் கிடையாது. கைத்தொலைபேசியும் பெரும்பாலும் இயங்காது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கலன், அதாவது ஏறத்தாழ 4 லீற்றர் நீர் கொண்டு செல்லவேண்டும். கடுமையாக நடப்பவர்களுக்கு அதன் இரு மடங்கு. சிறுவரின் உடல் எடையோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு அதிகம். ஆதலால் புறவெப்பத்தை அவர்கள் பெரியோரினும் விரைவாக ஏற்கின்றனர். விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் சொல்லமாட்டார்கள். கேட்டுக் கொடுப்பதைவிட, கால் மணிக்கொருமுறை அனைவரும் நின்று குடிப்பதை வழக்கமாக்குவது மேல். காரணமின்றிச் சிணுங்கும் பிள்ளையை அதட்டுமுன் போத்தலைப் பாருங்கள். கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்பதையும் கேளுங்கள். கொண்டு சென்ற நீரிற் பாதி தீருமுன்பே திரும்பத் தொடங்கவேண்டும். தின்பதற்கு முறுக்கும் கச்சானும் தோடம்பழமும் நன்று. தோடந்தோலை அங்கே எறியவேண்டா. அந்த வறட்சியில் அது எளிதில் மக்காது.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மைல் போதும். அதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பாறைகள் சூழ்ந்த 'மறைந்த பள்ளத்தாக்கு' என்னும் வட்டப் பாதை அந்த அளவினதே. ஆயினும் அப்பாறைகளுக்கிடையே ஒரு பிள்ளை கண நேரத்தில் மறைந்துவிடலாம். 1981இல் சான் டியேகோப் பகுதியிலுள்ள பலோமர் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறி உயிரிழந்தான். அதன் பின்னரே, வழி தவறினால் ஒரு மரத்தை அணைத்துக்கொண்டு அங்கேயே நில் என்று சிறுவருக்குக் கற்பிக்கும் வழக்கம் இங்கு பரவியது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஓர் ஊதுகுழல் தொங்கட்டும்.

யோசுவா மரம் கள்ளியன்று. கற்றாழைக்கு உறவான யுக்கா இனம். அதன் தண்டில் ஆண்டு வளையங்கள் இல்லாமையால் வயதைத் துணிந்து கூறல் அரிது. யுக்கா அந்துப்பூச்சி ஒன்றே அதன் மகரந்தத்தைச் சுமந்து சேர்க்கின்றது. கூலியாக அதன் குஞ்சுப் புழுக்கள் விதைகளிற் சிலவற்றைத் தின்கின்றன. எமது ஊர்ச் சதுரக்கள்ளியை ஒடித்தாற் பால் வடியும். அது வேறு குடும்பம். ஆனால் வேலியோரங்களில் நாம் கண்ட நாகதாளியின் பூர்வீகமோ அமெரிக்கக் கண்டம்! எமக்கு முன்னரே கடல் கடந்த செடி அது. இங்கே நாம் அதன் தாயகத்திற்கு வந்து நிற்கின்றோம். சோயா என்று ஒலிக்கும் பெயருடைய (அவரையன்று) முட்கள்ளி இங்கே ஒரு தோட்டமாகவே நிற்கின்றது. பட்டும் படாமலும் உரசினாலே துண்டு ஒட்டிக்கொள்ளும். கையாற் பிடுங்கலாகாது, சீப்பினால் நெம்பி எறிந்துவிட்டு, எஞ்சிய முள்ளை முள்வாங்கியால் எடுக்கவேண்டும். 'முள்வாங்கி' என்னும் சொல்லை அன்றுதான் பல பிள்ளைகள் முதன்முறை கேட்டனர், இனி மறக்கமாட்டார்கள்.

இளவேனிலிற் செல்வோர் ஆமையைக் காணக்கூடும். வாழ்நாளிற் பெரும்பகுதியை வளையில் கழிக்கும் அது, தன் சிறுநீர்ப்பையிலேயே நீரைச் சேமித்து வைக்கின்றது. தூக்கினால் அஞ்சி அந்நீரை வெளியேற்றிவிடும். பின்னர் தாகத்தால் மாண்டுபோகலாம். எனவே தொடவேண்டா. வண்டியை எடுக்குமுன் அதனடியில் ஆமை நிழலுக்கு ஒதுங்கியுள்ளதா எனக் குனிந்து பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

பெற்றோர் சிலர் இப்பயணத்திற்கு வரத் தயங்கினர். காரணம் வெயிலன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்த இலட்சக்கணக்கானோரில் எம்மிற் பலரும் இருந்தோம். அப்போது நாம் சிறுவர். நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடி வைத்து நகர்ந்த அக்கூட்டத்தில், விரித்த குடையைக் கவிழ்த்து மழைநீர் ஏந்திக் குடித்தனர். அவ்வாறு நடந்தவர்களுக்கு, பிள்ளையைத் தோளிற் சுமந்து நடத்தல் பொழுதுபோக்காகத் தோன்றாது. அத்தயக்கத்தை நாம் குறைகூறவில்லை. எனினும் அன்று பாறை நிழலில் இருந்தபோது, ஏழு வயது மகள் மீந்த நீரை மண்ணில் ஊற்றக் கண்ட தாயார் ஒருவர் அவளைத் தடுத்து, இதுவரை வீட்டிற் சொல்லாத அக்கதையைத் தமிழிலேயே சொல்லத் தொடங்கினார். சுற்றியிருந்த பிள்ளைகள் முறுக்குத் தின்பதை நிறுத்திவிட்டுக் கேட்டனர். "பிரிவு" என்பது பாலையின் உரிப்பொருள் என்று நாம் வகுப்பிற் பலமுறை கூறியதுண்டு. இவ்வளவு கவனமாக எவரும் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் இருபத்தொன்பது பனை என்னும் ஊரிலுள்ள மாரா நீரூற்றையும் பாருங்கள். நிலப்பிளவின் வழியே நிலத்தடி நீர் மேலெழுவதால் அங்கே விசிறியோலைப் பனைகள் நிற்கின்றன. எமது பனையின் குடும்பமே, நுங்குதான் இல்லை. பாதை அரை மைல், தள்ளுவண்டியும் செல்லும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி. உங்கள் தாயோ தந்தையோ தம் வாழ்நாளில் நடந்த மிக நீண்ட நடை எங்கிருந்து எதுவரை, கையில் என்ன கொண்டு சென்றனர், நீர் எங்கே கிடைத்தது என்று கேட்டு, பத்து வரிகளில் எழுதி வாருங்கள்.