கொத்தரிசியும் குடித்தொகையும்

ஒரு நாட்டின் பொக்கிஷம் வற்றும்போது அதற்குக் காரணங் கூறுவோர் பலராவர். அரசாங்கம் உலகச் சந்தையைச் சுட்டும்; எதிர்க்கட்சி அரசாங்கத்தைச் சுட்டும். இரு பகுதியாரும் சலித்தபின் பெருகிவரும் மக்களைச் சுட்டுதல் எளிது. பிறவாத குழந்தையும் தொட்டிற் குழந்தையும் மறுமொழி கூறமாட்டா அல்லவா? இலங்கையில் இவ்விவாதம் உரத்த குரலில் நிகழ்ந்த ஆண்டு 1953. மேல்வகுப்பிற் பொருளியல் பயிலும் மாணவர்க்கு அவ்வாண்டைப்போன்ற பாடம் பிறிதொன்றில்லை என்பது எமது எண்ணம். பழைய மாணவருள் மூத்தோர் சிலர்க்கு அது பாடமன்று. கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடை வாயிலில் நின்ற ஞாபகமாகும்.

முதலில் நிகழ்ச்சிகளை நோக்குவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏற்பட்ட அரிசிப் பங்கீடு போர் முடிந்த பின்னரும் நிலைத்தது. வெளிநாட்டில் அதிக விலைக்கு வாங்கப்பட்ட அரிசி, கொத்து 25 சதமாக மக்களுக்கு விற்கப்பட்டது. இடையிலுள்ள நட்டத்தைத் திறைசேரி தாங்கியது. 1950இல் கொரியப் போர் மூண்டபோது றப்பர் விலை ஏறிற்று. அந்நியச் செலாவணி பெருகிற்று. எவரும் கவலை கொண்டிலர். 1951இன் பின் றப்பர் விலை வீழ்ந்தது. அரிசி விலையோ இறங்கவில்லை. ஏற்றுமதி வருவாய் ஒரு பக்கம் தேய, இறக்குமதிச் செலவு மறுபக்கம் வளர, நாட்டின் வெளிநாட்டுச் சொத்து விரைவாகக் கரைந்தது. உணவு மானியம் அரசாங்கச் செலவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை விழுங்கத் தொடங்கியது.

1952 டிசம்பரிற் சீனாவோடு செய்த றப்பர்–அரிசி ஒப்பந்தம் ஓரளவு ஆறுதல் தந்தது. ஆண்டுக்கு 50,000 தொன் றப்பருக்கும் 2,70,000 தொன் அரிசிக்கும் ஐந்தாண்டுக்கு வழிவகுத்த அவ்வொப்பந்தம் வர்த்தக மந்திரி ஆர். ஜீ. சேனநாயக்காவின் முயற்சியால் ஆனது. ஆயினும் வரவு செலவுத் திட்டத்தின் துண்டு அதனால் விழாமலிருக்கவில்லை. 1953 ஜூலையில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா மானியத்தை நீக்கினார். கொத்தரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. ஓராண்டுக்கு முன்னர் நடந்த பொதுத் தேர்தலிலே 25 சத அரிசி தொடருமென வாக்குப் பெற்ற கட்சியே இதனைச் செய்ததென்பதை மக்கள் மறந்திலர்.

ஆகஸ்டு 12ஆந் திகதி ஹர்த்தால் நடைபெற்றது. சமசமாஜக் கட்சி முன்னின்றது. ஏனைய இடதுசாரிக் கட்சிகளும் தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தன. கடைகள் அடைக்கப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டிற் பலர் உயிரிழந்தனர். மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடவேண்டியதாயிற்று. அக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவருக்குப்பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசாங்கம் விலையை 55 சதமாகக் குறைத்தது.

இனி மக்கட்பெருக்கம் என்னும் வாதத்துக்கு வருவோம். அதனைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இலங்கை மக்கள் 66,57,339 பேர். 1953ஆம் ஆண்டில் 80,97,895 பேர். ஏழாண்டில் 14 இலட்சத்துக்கு மேலான பெருக்கம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 வீதம். இவ்வேகத்திற் சென்றால் இருபத்தைந்து ஆண்டிற் குடித்தொகை இரட்டிக்கும். பிறப்பு வீதம் உயர்ந்ததால் இது நேர்ந்ததன்று. இறப்பு வீதம் வீழ்ந்ததால் நேர்ந்தது. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 ஆகியது. 1946இல் ஏறத்தாழ 43 ஆண்டாயிருந்த சராசரி ஆயுள் 1953இல் ஏறத்தாழ 58 ஆண்டாயிற்று. 1934–35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயில் எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட நாட்டிலே இது நிகழ்ந்ததென்பதை நினைக்கும்போது, இதனை ஒரு ‘பிரச்சினை’ என்று அழைக்கவே எமக்குக் கூசுகின்றது.

டீ.டீ.ற்றி. மருந்து தெளித்தமையே இவ்வீழ்ச்சிக்குக் காரணமெனப் பலர் எழுதினர். அறிஞரிடையே அதுவும் நெடிய விவாதமாயிற்று. பீற்றர் நியூமன் மலேரியா ஒழிப்புக்குப் பெரும் பங்கு கொடுத்தார்; எஸ். ஏ. மீகம முதலியோர் உணவு, வைத்தியசாலை, தாய் சேய் நலப் பணி ஆகியவற்றையும் சேர்த்தே எண்ணவேண்டுமென்றனர். யாழ்ப்பாணத்துக்கு இங்கு ஒரு தனி முக்கியத்துவமுண்டு. வன்னியைப்போல மலேரியா மலிந்த இடமன்று யாழ்ப்பாணக் குடாநாடு. அவ்வாறான இடங்களிலும் இறப்பு வீதம் இறங்கியது. ஆகவே மருந்து மாத்திரம் காரணமாதல் இயலாது. பங்கீட்டரிசியும் அவ்வுயிர்களைக் காத்தவற்றுள் ஒன்றெனின், மானியம் மக்களைப் பெருக்கிற்று என்று குறை கூறுவோர் அம்மானியத்தின் பெருமையையே கூறுகின்றனர்.

மாணவர் இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்துபார்த்தல் வேண்டும். ஆண்டுக்கு 2.8 வீதம் பெருகும் குடித்தொகை, 1951 முதல் 1953 வரையுள்ள இரண்டாண்டில் 5.7 வீதமே பெருகும். நூறு பேர் உண்ட வீட்டில் நூற்றாறு பேர். அதனால் ஒரு திறைசேரி இரண்டாண்டில் நிலைகுலையுமா? குலைத்தது றப்பர் விலையும் அரிசி விலையும் எதிரெதிர்த் திசையிற் சென்றமையே. ஏற்றுமதிக்கு மூன்று பயிர்களையும் உணவுக்கு அந்நியத் துறைமுகங்களையும் நம்பிய பொருளாதாரம் அவ்வாறுதான் ஆடும். மக்கட்பெருக்கம் மெல்ல ஏறும் வெள்ளம். விலை வீழ்ச்சி ஓரிரவில் அடிக்கும் புயல். கூரை பறந்ததற்கு வெள்ளத்தைக் காரணங் காட்டுவோன் வீட்டையுங் கட்டான், அணையையுங் கட்டான்.

அப்படியாயின் வெள்ளம் எங்கே சென்றது? 1947இலும் 1948இலும் பிறந்து, இறவாது வளர்ந்த குழந்தைகள் 1953இல் அரிசி உண்டனர். 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியைப் பெற்றனர். 1960களின் பிற்பகுதியில் வேலை தேடி வந்தனர். வேலை இருக்கவில்லை. 1971 ஏப்ரிலில் தென்னிலங்கையில் நிகழ்ந்த இளைஞர் கிளர்ச்சியையும், அவ்வாண்டே டட்லி சீயர்ஸ் தலைமையிற் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு வேலையின்மையை ஆராய வந்ததையும் இவ்விடத்திற் பொருத்திப் பார்க்கவேண்டும். பல்கலைக்கழக இடங்கள் போதாமையால் எழுந்த போட்டியும், 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற பெயரில் அப்போட்டிக்குக் கண்ட ‘தீர்வும்’ எம் மாணவரை எவ்வாறு தாக்கின என்பதை இம்மலரின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. குடித்தொகையின் பாரம் 1953இன் பொக்கிஷத்தில் விழவில்லை. பதினெட்டாண்டு கழித்து இளைஞரின் தலையில் விழுந்தது. அதற்கு ஆயத்தஞ்செய்யப் பதினெட்டாண்டு அவகாசம் இருந்தது. அக்காலத்தை விவாதம் உண்டது.

மானியத்தைப் பற்றிய விவாதம் முடிந்தபாடில்லை. 1962இல் நிதி மந்திரி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா பங்கீட்டைக் குறைக்க முயன்று பதவியை விட்டார். 1966 டிசம்பரில் இரண்டு கொத்து ஒரு கொத்தாகி, அவ்வொரு கொத்து இலவசமாயிற்று. 1979இற் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. சிக்கனம் வேண்டுமென்போர் கூற்றிலும் நியாயமுண்டு: பணக்காரரும் ஏழையும் ஒரே விலைக்கு அரிசி பெறுவது நீதியாகாது, நீர்ப்பாசனத்துக்குச் செல்லவேண்டிய பணம் கப்பற் கூலிக்குச் செல்லுதல் விவேகமாகாது. ஆயினும் 1973–74ஆம் ஆண்டுகளை அவர்கள் மறத்தல் கூடாது. உலகில் உணவும் எண்ணெயும் ஒருங்கே விலையேற, பங்கீடு சுருங்கிற்று. ஆயிரத்துக்கு எட்டிலுங் குறைந்திருந்த இறப்பு வீதம் 1974இல் ஏறத்தாழ ஒன்பதாக உயர்ந்தது. மிக வருந்தியவர் மலையகத் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமாவர். அவர்களுட் பெரும்பாலோர்க்கு அந்நாளில் வாக்குரிமை இல்லை. ஹர்த்தால் நடத்தி மந்திரிசபையைக் கப்பலேற்ற வல்லோர்க்கு விலை குறைந்தது. வல்லமையற்றோர் வரவு செலவுக் கணக்கைத் தம் உயிரால் நேர்செய்தனர். சிக்கனக் கொள்கை எதுவாயினும், அது யார் வீட்டு அடுப்பில் முதலில் நீரூற்றுகின்றதென்று கேட்ட பின்னரே அதனை மதிப்பிடுதல் வேண்டும்.

மக்கட்பெருக்கம் பின்னர் என்னவாயிற்று? 1953இன் வேகம் தொடர்ந்திருப்பின் 1978 அளவில் ஒரு கோடியே அறுபது இலட்சத்தைக் கடந்திருப்போம். 1981இலும் ஒரு கோடியே நாற்பத்தெட்டு இலட்சமே ஆனோம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரும் இக்கணக்கிற் குறைந்தனர். அது வேறொரு துயரக் கதை. எஞ்சியது பெரும்பாலும் பெண்களின் செயல். 1953இற் பெண்ணின் சராசரி மணவயது 21ஐ எட்டவில்லை. 1981இல் 24ஐத் தாண்டியது. ஒரு பெண் பெறும் பிள்ளைகள் சராசரி ஐந்திலிருந்து மூன்றரை அளவுக்கு இறங்கினர். குடும்பத் திட்டச் சங்கம் 1953இலேயே தோன்றியது உண்மை. அதன் தொண்டையும் குறைத்துக் கூறோம். எனினும் எமது கிராமங்களிற் பெண்களைப் பாடசாலையில் மேலும் சில ஆண்டு இருத்திய தந்தையரும் தாயரும் எந்தப் பிரசுரத்தையும் படித்து அதனைச் செய்தாரல்லர். மானியம் மக்களைப் பெருக்கும் என்றோர், அம்மானியமும் இலவசக் கல்வியும் சேர்ந்து பெருக்கத்தைத் தணித்தமையை எதிர்பார்த்திலர்.

இவ்விவாதத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறு மற்றுமொரு நெருக்கடியைத் தந்தது. 2022 ஏப்ரில் 12ஆந் திகதி இலங்கை அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்ரெம்பரிற் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாயிற்று. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மைல்கணக்கில் வரிசை நின்றது. அப்பொழுது மக்கட்பெருக்கம் ஆண்டுக்கு ஒரு வீதத்திலுங் குறைவு. 2019இன் இறுதியிற் செய்த வரிக் குறைப்பு, 2021இல் இரசாயன உரத்துக்கு இட்ட தடை, மாற்ற மறுத்த செலாவணி விகிதம், அளவுமீறிய கடன், கொவிட் நோயால் நின்ற உல்லாசப் பயணம் ஆகியவற்றையே எவரும் பேசினர். வரிசையில் நின்றோரை நோக்கி, நீவிர் அதிகம் பெற்றீர் என்று கூறத் துணிந்தார் இல்லை.

இன்றைய விவாதமோ தலைகீழாயிற்று. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இரண்டு கோடியே பதினேழு இலட்சம் மக்களைக் காட்டிற்று. முந்திய மதிப்பிலிருந்து சராசரிப் பெருக்கம் ஆண்டுக்கு அரை வீதம். 1981இல் நூற்றுக்கு 6.6 ஆக இருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 2012இலேயே 12.4 ஆயினர். பெருகுகின்றனர் என்று அஞ்சியோர் போக, குறைகின்றனர், முதியோராகின்றனர் என்று அஞ்சுவோர் வந்துள்ளனர். 1947ஆம் ஆண்டிற் பிறந்து, கொத்தரிசி 70 சதமானபோது மதிய உணவு இழந்த குழந்தை, 2024இல் 77 வயதை எட்டியிருக்கும். அவருடைய ஓய்வூதியம் எவ்வளவு, மருந்துச் செலவை யார் கொடுப்பது என்பன இப்போது நிதி அமைச்சின் மேசையிலுள்ள கேள்விகள்.