குரைப்பிருமலும் குழந்தை மருத்துவமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

உணவின்றிச் சில வாரங்கள் வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்களே வாழ முடியும். இவ்வுண்மையைச் சென்ற மார்கழியில் ஓர் இரவு எங்கள் வீட்டில் நேரில் கண்டேன்.

என் அக்காள் மகனுக்கு வயது ஒன்றரை. இரண்டு நாட்களாகச் சளி. நள்ளிரவில் திடீரென்று நாய் குரைப்பதுபோல இருமத் தொடங்கினான். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கரகரவென்று ஓர் ஓசை எழுந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “நீதானேடா படிக்கிறவன், இது என்னடா?” என்று அம்மா கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொதிநீர்ச் சட்டியின்மேல் பிள்ளையைப் பிடித்து ஆவி காட்டினோம். அவன் அலறினான், அலற அலற மூச்சு இன்னும் திணறியது. வண்டி பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே கண்டதையும் பின்னர் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

நோயின் இயல்பு

இந்நோயின் பெயர் ‘குரூப்’. பெரும்பாலும் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வருகிறது. பாராஇன்ஃப்ளூயன்சா என்னும் வைரஸே முதன்மையான காரணம். குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழாயின் உட்புறம் வீங்குகிறது. அவ்விடத்தைக் குருத்தெலும்பு முழு வளையமாகச் சூழ்ந்திருப்பதால் வீக்கம் வெளியே விரிய வழியின்றி உள்நோக்கியே வளர்கிறது. இரவில் தொல்லை மிகும்.

நான்காம் படி

நுண்புழைக் குழாயில் நீரோடும் சோதனையை நாம் அனைவரும் செய்திருக்கிறோம். இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பாய்ஸொய் கண்ட விதிப்படி, சீரான ஓட்டத்திற்குக் குழாய் தரும் தடை, ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும். 8 மி.மீ. விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் தடை ஏறத்தாழ 3 மடங்காகும். 4 மி.மீ. விட்டமுள்ள குழாயில் அதே வீக்கம் தடையை 16 மடங்காக்கும்! பெரியவருக்குத் தொண்டைக் கட்டாக முடிவது குழந்தைக்கு மூச்சுத் திணறலாவது இதனால்தான். அழும்போது காற்று வேகமாக இழுக்கப்பட்டுச் சுழன்றோடுவதால் தடை மேலும் பெருகும்.

மருத்துவமனையில்

மருத்துவர் அம்மையார் முதலில் ஊசியை எடுக்கவில்லை. கரண்டியால் தொண்டையை அழுத்திப் பார்க்கவும் இல்லை. “அம்மா, பிள்ளையை உங்கள் மடியிலேயே வைத்திருங்கள். அழவிடாதீர்கள்” என்றார். சற்றுத் தொலைவிலிருந்தே மார்பு உள்வாங்குவதையும் மூச்சோசையையும் கவனித்தார்.

அடுத்து டெக்ஸாமெத்தசோன் என்னும் மருந்தை எடைக்கேற்ப ஒரே வேளை வாய்வழி கொடுத்தார். எடையில் கிலோவுக்கு 0.6 மி.கி. வரை கொடுப்பது வழக்கம். இது வீக்கத்தைக் குறைக்கச் சில மணி நேரமாகும். திணறல் கடுமையானால் அட்ரினலினைப் புகைபோல் முகமூடி வழியே செலுத்துவார்கள். இது இரத்தக் குழாய்களைச் சுருக்கி அரை மணி நேரத்திற்குள் பயன் தரும். ஆனால் இரண்டு மணி நேரமளவில் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். ஆகவே அதன்பின் பல மணி நேரம் குழந்தையைக் கண்காணித்த பிறகே வீட்டிற்கு அனுப்புவர். தேவைப்பட்டால் ஆக்சிஜன் தருவர். மூச்சுக்குழாயில் குழாய் செருக வேண்டிய நிலை மிகச் சிலருக்கே வரும். வைரஸ் நோயாதலால் ஆன்டிபயாடிக் மருந்துகள் பயன்படா.

ஆவி பிடித்தலோ? முற்காலத்தில் மருத்துவமனைகளிலேயே ஈரக்காற்றுக் கூடாரங்கள் இருந்தன. 2006இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்று, ஈரக்காற்றால் தனிப்பயன் இல்லையெனக் காட்டியது. கொதிநீர் கவிழ்ந்து குழந்தை வெந்துபோகும் ஆபத்தே மிச்சம்.

எப்போது விரைய வேண்டும்?

அமைதியாக இருக்கும்போதும் மூச்சில் ஓசை, விலாவுக்கிடையே தோல் உள்வாங்குதல், உதடு நீலமாதல், சோர்ந்து துவளுதல், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதம் கூடாது. தடுப்பூசி போடாத குழந்தையெனில் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொண்டை அடைப்பான் நோயும் இவ்வாறே மூச்சை அடைக்கும்.

மாணவ நண்பர்களே! பாய்ஸொய் விதியை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். ஆயினும் அந்த இரவில் அது என் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் மாலை, மருமகன் அக்காளின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தபோது, அம்மாவிடம் ஒரு தடித்த மூங்கில் குழலையும் ஒரு பப்பாளித் தண்டையும் காட்டி நான்காம் படியை விளக்கினேன். அவர்கள் கேட்டுவிட்டு, “அப்போ, பிள்ளையை அழவிடக் கூடாது, வண்டியைப் பிடிக்கணும். அதானே?” என்றார்கள்.

அதுதான்.