சினிமாப் பாட்டைப் பாடி வெளியிட: கவர் பாடல் அனுமதிக்கு முழுமையான வழிகாட்டி

காதுக்கு ஒரே பாட்டுதான். சட்டத்துக்கு அது மூன்று சொத்து. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. கவர் பாடுகிறவர் பழைய ஒலிப்பதிவைத் தொடுவதில்லை. வரியையும் மெட்டையும் எடுத்து, தன் குரலில் புதிதாகப் பதிவு செய்கிறார். ஆகவே அனுமதி வேண்டியது அந்த இரண்டுக்கு. மூலப் பதிவிலிருந்து குரலை நீக்கிய கரோக்கி டிராக்கின் மேல் பாடினால் மூன்றாவது சொத்தையும் தொட்டுவிட்டீர்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும். பின்னணியை நண்பர்களை வைத்துப் புதிதாக வாசிப்பதே நல்லது.

படி 1: உரிமை யாரிடம்?

பாடலை வெளியிட்ட ஆடியோ நிறுவனத்திடமிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் ஒப்பந்தப்படி உரிமை தயாரிப்பாளருக்குப் போய், அங்கிருந்து அந்த நிறுவனத்துக்கு வந்திருக்கும். எல்லாப் படத்துக்கும் அப்படியல்ல. பழைய ஒப்பந்தங்கள் பற்றிய வழக்குகள் நீதிமன்றங்களில் நடந்திருக்கின்றன. கவிஞர்கள், இசையமைப்பாளர்களின் ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்திடமும் கேளுங்கள்.

படி 2: அனுமதியே தேவையில்லாத பாட்டா?

இந்தியாவில் வரிக்கும் மெட்டுக்கும் படைப்பாளி மறைந்த பிறகு 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. தியாகராஜர் கீர்த்தனைகளை யாரும் பதிவு செய்யலாம். பாரதியார் வரிகளும் அப்படியே. ஆனால் பாரதி பாட்டுக்குச் சினிமாவில் போட்ட மெட்டு அந்த இசையமைப்பாளருடையது. அதைப் பாடினால் அனுமதி வேண்டும். கச்சேரி மேடையில் நாள்தோறும் ஒலிக்கும் பாபநாசம் சிவனின் உருப்படிகளை 'பழசுதானே' என்று எடுத்துவிடக் கூடாது. அவர் 1973இல் மறைந்தார். பாதுகாப்பு 2033 முடியும்வரை நீளும்.

படி 3: எந்த வழி?

ஒன்று, உரிமையாளரிடம் நேரடியாக எழுத்தில் கேட்பது. மற்றது, பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு. 2012 திருத்தத்தில் வந்தது இது. பாடல் முதன்முதலாகப் பதிவான ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கடந்திருந்தால், உரிமையாளருக்கும் பதிப்புரிமைப் பதிவாளருக்கும் குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்து, ராயல்டியை முன்கூட்டியே கட்டி, கவர் பதிவு செய்யலாம்.

கேட்க எளிது. ஆனால் ஒரு பாட்டுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியைக் கட்டச் சொல்கிறது சட்டம். தனியாகப் பாடுகிறவர் தாங்கக்கூடிய செலவல்ல. கேசட், சிடி காலத்துக் கணக்கு அது, ஸ்ட்ரீமிங்குக்கு ஒட்டவில்லை. புதியவருக்கு நேரடி அனுமதியே சரி என்பது என் முடிவு.

இந்தப் பிரிவின் வேறு இரண்டு விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். தொழில்நுட்பத் தேவைக்கு மேல் வரியையோ மெட்டையோ மாற்றக் கூடாது. ராப் சேர்க்க நினைப்பவர் கவனிக்க. முதலில் பாடியவரின் பெயரும் படத்தின் பெயரும் அட்டையில் வரவே கூடாது; இது கவர் என்று அச்சிட்டிருக்க வேண்டும். நாமோ பெரிய பாடகரின் படத்தைப் போட்டுத்தான் கவரையே தொடங்குகிறோம்.

படி 4: கடிதம்

பாடலின் பெயர், படம், ஆண்டு, கவிஞர், இசையமைப்பாளர், எங்கெல்லாம் வெளியிடப் போகிறீர்கள், எந்தெந்த நாடுகளில், எவ்வளவு காலம், வருமானம் எதிர்பார்க்கிறீர்களா என எல்லாவற்றையும் எழுதுங்கள். மாற்றம் செய்வதாக இருந்தால் மாதிரிப் பதிவை இணைத்துவிடுங்கள்.

வீடியோ எடுப்பதாக இருந்தால் அதையும் தனியாகக் குறிப்பிடுங்கள். பாட்டைக் காட்சியோடு சேர்ப்பதற்கான சிங்க் உரிமை வேறு. ஆடியோவுக்குக் கிடைத்த அனுமதி அதைத் தராது.

படி 5: வெளியிட்ட பிறகு

யூடியூபில் 'உரிமை உரியவருக்கே' என்று குறிப்பு எழுதுவது மரியாதை, அனுமதி ஆகாது. அனுமதி இல்லாத கவரை யூடியூபின் தானியங்கிச் சோதனையான கன்டென்ட் ஐடி கண்டுகொண்டால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோ முடக்கப்படவும் கூடும். நீக்கச் சொல்லிச் சட்டப்படி கோரிக்கை வந்தால் அது ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போய்விடும். முறையாக அனுமதி வாங்கியவருக்கும் சிலசமயம் கிளெய்ம், அதாவது உரிமைக் கோரல், வரும். அப்போது பதற்றப்படாமல், அனுமதி வந்த மின்னஞ்சலைக் காட்டி மறுப்பைப் பதிவு செய்யுங்கள். நிறுவனத்துக்கும் எழுதி விடுவிக்கச் சொல்லுங்கள்.