மாடியில் விழும் மழையை விடாதீர்கள்

கேள்வி: குடிநீர் சில நாள் இடைவெளி விட்டுத்தான் வருகிறது. போர் தண்ணீரோ உப்பு. வீட்டில் தண்ணீரை எப்படி மிச்சப்படுத்துவது?
– வாசகி, நாகல் நகர், திண்டுக்கல்

பதில்: முதலில் மொட்டை மாடியைப் பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் விழுகிறது. சிந்தியது, காய்ந்தது போக 700 லிட்டராவது கையில் நிற்கும். தமிழகத்தில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் அதற்கான குழாய் இருக்கக்கூடும். ஐப்பசி அடைமழைக்குக் காத்திராமல், புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டுங்கள். வடிகட்டும் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் அலசிப் போடுங்கள். முதல் மழையை வெளியே விடுங்கள். தூசியும் பறவை எச்சமும் அதோடு போகும். அடுத்த மழையைத் தொட்டியில் பிடியுங்கள். நிரம்பி வழிவதைப் போர் அருகே உறிஞ்சுகுழியில் இறக்குங்கள். நல்ல தண்ணீர் உள்ளே போகப் போக உப்பின் கடுமை தணிய வாய்ப்புண்டு.

அரிசி களைந்த நீர் செடிக்கு. ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு மிகுதி. அதைக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வையுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயில் நாளுக்கு ஒரு குடத்துக்குமேல் வீணாகும். வாஷரை இன்றே மாற்றிவிடுங்கள்.